உதிரி என்கிற ஃபிட்டர்

அவள் வாசிக்க நினைத்து எந்தத் தாளைப் பார்த்தாலும் அதிலுள்ள எழுத்துகள் உதிர்ந்து கீழே விழுந்துவிடும். பள்ளியில் சேர்த்த முதல் நாளே இது தெரிந்துபோயிற்று. முதலில் புள்ளிகள் கடுகைப் போல உருண்டோடும்; அடுத்து கொம்புகளும் கால்களும் கழன்றுகொள்ளும்; கடைசியில் எழுத்துகளே சரசரவென்று மடியில் கொட்டும். சுவரில் எழுதியிருந்தாலும் துணியில் அச்சடித்திருந்தாலும் இதே கதைதான். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பள்ளிக்கூடத்துப் புத்தகங்களில் பாதி வெள்ளையாகிவிட்டன. நான்காம் வகுப்பில் ஒரு காலை வரிசையில் நின்றபோது தெரியாத்தனமாக அவள் நிமிர்ந்து பார்க்க, பள்ளியின் பெயர் மொத்தமும் பலகையை விட்டுக் கழன்று தலைமையாசிரியரின் தலையில் விழுந்தது. அவருக்குக் காயம் ஒன்றுமில்லை. ஆனால் எந்தப் பள்ளி என்று தெரியாமல் ஒரு பள்ளியை நடத்த முடியாது என்று அவள் அம்மாவிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லி, பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அம்மா காலையும் மாலையும் வீட்டைப் பெருக்கி, முறத்தில் சேர்ந்த எழுத்துகளைக் கொல்லைப்புறத்தில் கொட்டினாள். பக்கத்து வீட்டுக் கோழி அவற்றைக் கொத்தித் தின்றுவிட்டு நான்கு நாள் வானிலை அறிக்கை அச்சான முட்டைகளாக இட்டது. அவற்றில் மூன்று முட்டைகள் சொன்னது சரியாக இருந்தது.

ஊர் அவளுக்கு உதிரி என்று பேர் வைத்தது. அந்தப் பேரில் கேலி பாதி, உபயோகம் பாதி. மதிப்பெண் குறைந்த அட்டையை அப்பாவிடம் காட்டப் பயந்த பிள்ளைகளும், மாப்பிள்ளை பேரைத் தப்பாக அச்சடித்துவிட்ட கல்யாண வீட்டாரும், பழைய காதல் கடிதத்தைக் கிழிக்க மனசில்லாதவர்களும் அவளைத் தேடி வந்தார்கள். அவள் ஒரு பார்வை பார்ப்பாள். வந்தவர்கள் வெற்றுத்தாளைச் சுருட்டிக்கொண்டு நிம்மதியாகப் போவார்கள். அவளுக்கு எழுத்துகள் தெரியாது என்று ஊர் நினைத்ததுதான் தப்பு. மடியில் விழுந்தவற்றைப் பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்து எல்லா எழுத்துகளும் அவளுக்கு முகம் பழகியிருந்தன. இரண்டு எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் அசையாமல் நிற்பதைத்தான் அவள் பார்த்ததில்லை.

ஒரே ஒரு தடவை பார்த்திருந்தாள். அவளைக் கட்டிக்கொண்ட கொத்தனார், புது வீட்டு வாசற்படியில் சிமெண்டு காய்வதற்குள் விரலால் அவள் பேரை எழுதிவைத்தார். அவள் பயந்து பயந்து பார்த்தாள். எழுத்துகள் நின்றன. அன்பினால்தான் நிற்கிறது என்று இருவரும் முடிவு செய்துகொண்டார்கள். பதின்மூன்று வருஷம் அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை.

முப்பத்தாறு வயதில் அவள் பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தொங்கப்போட்டபடியேதான் வேலை. ஒரு நாள் மறந்துபோய் நிமிர்ந்ததில் மூன்று பேருந்துகளின் பெயர்ப்பலகை உதிர்ந்து, அவை மாலைவரை எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஓடின. அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே அவள் கழுத்து குனிந்தே இருக்கப் பழகிவிட்டது. அந்த வருஷம் வண்டி கழுவ ஒரு இயந்திரம் வந்து இறங்கியது. பிரஷ்கள் சுழல, பேருந்து ஒரு பக்கம் அழுக்காக நுழைந்து மறுபக்கம் ஈரமாக வெளியே வரும். கழுவுகிற பதினோரு பெண்களும் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. அதே வாரம் பணிமனைக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த மகள் அதன் முன் நின்றுவிட்டாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

"அம்மா, நீ கீழயே பாரு. நான் படிக்கிறேன். தொழிற்பழகுநர் வேணுமாம். மூணு வருஷம். வேலை பாத்துக்கிட்டே படிக்கலாம், படிக்கும்போதும் சம்பளம் உண்டு. வயசு எவ்வளவு வேணா இருக்கலாமாம். பள்ளிக்கூடம் முடிச்சிருக்கணும்னு இல்லையாம்."

உதிரி தரையைப் பார்த்தபடியே இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னாள். பிறகு சாப்பாட்டைப் பிரிக்காமலே அலுவலகத்துக்குள் நுழைந்து, விண்ணப்பத்தை மகளை விட்டு நிரப்பச் சொல்லி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கைநாட்டு வைத்தாள்.

எடுத்துக்கொண்டவர்கள் எட்டுப் பேர். ஏழு பேருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அவர்கள் அவளை முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டு, இரண்டாம் நாளே அவள் டிபன் டப்பாவில் கை வைத்தார்கள். கியர்பாக்ஸ் பிரிவின் மேற்பார்வையாளர் இருபத்தாறு வயதுப் பெண், உதிரியின் தோளுயரம்தான் இருப்பார். பணிமனையில் எல்லோருக்கும் அவர் சின்ன மேடம். வாரத்தில் நாலரை நாள் பட்டறை, ஒன்றரை நாள் வகுப்பு. வகுப்பில் உதிரி கரும்பலகைக்கு முதுகைக் காட்டி, சன்னலைப் பார்த்து உட்கார்ந்து காதால் மட்டும் படித்தாள். ஒரே ஒரு முறை திரும்பியதில் பல்சக்கரக் கணக்கு முழுவதும் சுண்ணாம்புத் தூளாகக் கொட்டியது. பையன்கள் கைதட்டினார்கள், ஏனென்றால் அன்று சோதனை.

சேர்ந்த ஐந்தாம் நாள் ஒரு பழைய கியர்பாக்ஸ் மூடியைத் துடைக்கக் கொடுத்தார்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பிசுக்கை எடுக்க எடுக்க, அடியிலிருந்து எழுத்துகள் எழும்பி வந்தன. பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கண்ணைத் திறந்தாள். எப்படியும் விழப்போகிறது, கிரீஸில் விழுந்தால் எடுப்பது கஷ்டம் என்று இடது கையை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா பண்றீங்க?" என்று சின்ன மேடம் கேட்டார்.

"விழும் மேடம். புடிச்சுக்கலாம்னு."

"இது வார்ப்புலயே வந்ததுக்கா. மேல ஒட்டினது இல்ல, அதோட உடம்பே அதுதான். எங்க போய் விழும்?"

உதிரி அந்த ஆறு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். எல்லாம் தெரிந்த முகங்கள். ஆனால் தன் பேரைத் தவிர வேறு எழுத்துகள் தோளோடு தோள் சேர்ந்து நின்று ஒரே குரலில் பேசுவதை அன்றுதான் கேட்டாள். மே, ல், ப, க், க, ம். மேல்பக்கம். மூடியை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதற்காக யாரோ ஒரு தொழிற்சாலையில் போட்ட சொல் அது. அவள் அதைச் சத்தமாக நான்கு தடவை சொல்லிவிட்டு, மூடியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சின்ன மேடம் டீ குடிக்கப் போவதாகச் சொல்லி மற்ற ஏழு பேரையும் வெளியே ஓட்டிக்கொண்டு போனார்.

மேலே ஒட்டியது உதிரும், உள்ளே இறங்கியதும் உடம்போடு வந்ததும் நிற்கும் என்பது இப்படித்தான் தெரிந்தது. கொத்தனாரிடம் இதைச் சொன்னபோது, அப்படியானால் வாசற்படியில் நின்றது அன்பு இல்லையா, வெறும் சிமெண்டுதானா என்று கேட்டுவிட்டு அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கொல்லைச் சுவர் முழுக்கப் புதிதாகப் பூசி, ஈரம் காய்வதற்குள் வாய்ப்பாட்டைப் பதினாறு வரை எழுதிவைத்தார். மகள் தன் பாடங்களைத் தகர டப்பா மூடிகளில் ஆணியால் கீறிக் கொடுத்தாள். அந்த வீட்டில் அன்று முதல் புத்தகம் வைக்கிற அலமாரியில் தகரச் சத்தம் கேட்டது.

படிப்பு ருசி கண்டவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கியர்பாக்ஸைப் பற்றி எல்லாமே எழுதியிருந்த பெரிய புத்தகம் பட்டறை அலமாரியில் இருந்தது. நான்காம் மாதம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், இத்தனை சொற்களைப் படித்துவிட்டோமே, இனிமேல் தாளும் வழிக்கு வரும் என்று நினைத்து அதைத் திறந்தாள். முதல் பக்கம் உதிர்ந்தது. அடுத்ததாவது நிற்காதா என்று புரட்டினாள். அதுவும் உதிர்ந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. நாற்பத்திரண்டு பக்கம் புரட்டி முடித்தபோது கணுக்கால் வரை எழுத்தில் நின்றுகொண்டிருந்தாள். பணிமனை மேலாளர் நேர்மையான மனிதர், கோபக்காரர் அல்ல, ஆனால் விளையாட்டெல்லாம் அவருக்கு ஆகாது. ஒரு வெள்ளைப் பக்கத்தை எடுத்து இரண்டு புறமும் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னார்.

உதிரி தலையாட்டினாள். சின்ன மேடம் ஆட்டவில்லை. புத்தகம் எழுதியவனும் ஏதோ ஒரு கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்துத்தானே எழுதியிருப்பான், இவள் அதையே செய்து போன நாற்பத்திரண்டு பக்கத்தையும் திருப்பி எழுதட்டும் என்று மேலாளரிடம் நின்று வாதாடினார். புதுப் புத்தகம் வேண்டும் என்று தலைமையகத்துக்கு எழுதினால் வர எத்தனை நாளாகும் என்பது மேலாளருக்கு நன்றாகத் தெரியும். அதனால் சரி என்றார்.

அடுத்த பதினாறு மாதமும் பட்டறைக்கு வந்த ஒவ்வொரு கியர்பாக்ஸும் ஒரு பக்கமாயிற்று. பிரிப்பார்கள், அளப்பார்கள், எது எதன்மேல் உட்கார்கிறது, எந்தப் போல்ட்டை எவ்வளவு முறுக்கினால் தாங்கும் என்று எட்டுப் பேரும் சண்டை போடுவார்கள். முடிவானதை உதிரி அலுமினியத் தகட்டில் ஸ்கிரைபரால் எழுதுவாள். ஸ்கிரைபர் என்பது தகட்டில் கோடு கீறுகிற கூர்முனைக் கம்பி. ஃபிட்டர்களின் சட்டைப்பையில் பேனாவுக்குப் பதிலாக இருக்கும். தகடுகள் வரிசையாகச் சுவரில் தொங்கின. எண்ணெய்க் கையால் தொட்டாலும் அழியவில்லை, துடைத்தால் பளிச்சென்று இருந்தன. மற்றப் பிரிவுக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். குனிந்தே பழகிய அவள் கழுத்து, மேல் வரிசைத் தகடுகளைப் படிக்க வேண்டியிருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

நாற்பத்திரண்டாம் தகடு மாட்டிய பிறகு ஒரு மாதம் கழித்துத் மேலாளர் அப்போதே எழுதிக் கேட்டிருந்த புதுப் புத்தகம் தலைமையகத்திலிருந்து வந்தது. மேலாளர் அதை வைத்துக்கொண்டு தகடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒரே ஒரு இடத்தில்தான் வித்தியாசம். பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்காரும் ஒரு வாஷரில் எண்ணெய் ஓடுவதற்குப் பள்ளம் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளம் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும் என்றது புத்தகம், சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்றது தகடு. புத்தகத்தை விட நீ பெரியவளா என்று மேலாளர் கேட்டார். உதிரி ஆணியில் கோத்து மாட்டியிருந்த தேய்ந்த வாஷர்களைக் காட்டினாள். எல்லாமே புத்தகப்படி போட்டவை. எல்லாமே ஒரே பக்கம் எண்ணெய் காணாமல் கருகியவை. மேலாளர் நியாயஸ்தர். மூன்று வண்டிகளுக்குப் புத்தகப்படியும் மூன்று வண்டிகளுக்குத் தகட்டின்படியும் போடச் சொன்னார். அடுத்த மழைக்காலத்துக்குள் புத்தக வண்டிகள் மூன்றும் கரகரத்துக்கொண்டு திரும்பி வந்தன. தகட்டு வண்டிகள் வரவேயில்லை. மேலாளர் புத்தகத்தை எடுத்துப்போய்த் தன் அறையில் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்தார்.

மூன்றாம் வருஷக் கடைசியில் தேர்வு. எழுதித் தேறினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் ஃபிட்டர். இல்லாவிட்டால் மூன்று வருஷமும் கற்பூரமாகக் கரைந்ததுதான். விதிமுறையின் ஒன்பதாம் பிரிவு, வினாக்கள் தாளில் தரப்படும், விடைகள் தாளில் எழுதப்பட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. தேர்வு அதிகாரி நேரில் வந்தார். ஒல்லியானவர், எப்போதும் குடையோடு இருப்பவர். பழைய வினாத்தாள் ஒன்றை உதிரியிடம் நீட்டினார். எழுத்துகள் அவருடைய காலணிமேல் கொட்டின. அவர் குனிந்து, சிந்தாமல் எல்லாவற்றையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா விதியில தாள்னுதானே இருக்கு. நான் என்ன பண்ண முடியும்?"

உதிரி சுவரில் தொங்கிய ஒரு தகட்டைக் கழற்றி எடுத்தாள்.  பிறகு மெதுவாகச் சொன்னாள். "சார், எங்க ஸ்டோர்ல போய் அலுமினியத் தாள்னு கேட்டாத்தான் சார் இந்தத் தகட்டைக் குடுக்கறாங்க. ரசீதுலயும் அப்படித்தான் போடறாங்க. அதுவும் தாள்தானே?"

தேர்வு அதிகாரி ஸ்டோருக்குப் போய் ரசீதைப் பார்த்தார். அலுமினியத் தாள், பன்னிரண்டு எண்ணம் என்று இருந்தது. திரும்பி வந்து, இதை மறுக்க ஒன்பதாம் பிரிவில் இடமில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் வினாத்தாள் ரகசியமானது. தேர்வுக்கு முன்னால் வேறு யார் கையிலும் போகக் கூடாது. ஆகவே வினாக்களை அவரேதான் தகட்டில் கீற வேண்டியிருந்தது. பிறந்ததிலிருந்து பேனாவைத் தவிர வேறெதையும் பிடிக்காத கை அது. அவருக்கு ஸ்கிரைபர் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு உதிரிக்கு வந்தது.

மூன்று நாள் அவர் குடையை ஆணியில் மாட்டிவிட்டுப் பட்டறை மேசையில் உட்கார்ந்தார். முதல் நாள் அவர் எழுதிய எழுத்துகள் வழுக்கித் தகட்டுக்கு வெளியே போய்விட்டன. "பேனா மாதிரி புடிக்காதீங்க சார்," என்றாள் உதிரி. "பேனா சொன்ன பேச்சைக் கேக்கும். தகடு கேக்காது. விரலால தள்ளாதீங்க, தோள்ல இருந்து இழுங்க." இரண்டாம் நாள் கட்டைவிரல் வீங்கியது. மூன்றாம் நாள் ஒரு முழு வரி நேராக வந்தது. அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டார். அதன் பிறகு கருவி அறையில் உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு முப்பது வினாக்களையும் கீறி முடித்தார்.

தேர்வுக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். மற்றவர்களின் தாளில் பார்வை பட்டுவிடாமல் இருக்க உதிரியின் மேசையைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். மணி அடித்ததும் தகட்டைத் திருப்பினாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்வி அவளைப் பார்த்து நின்றது. ஓடவில்லை, உதிரவில்லை, பதில் சொல் என்று காத்திருந்தது. ஒரு நிமிஷம் அவள் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கீறத் தொடங்கினாள். கூடம் முழுக்கப் பேனாச் சத்தத்தின் நடுவே அந்தக் கிர்ரென்ற ஒலி மூன்று மணி நேரமும் கேட்டுக்கொண்டே இருந்தது.

பத்தொன்பதாம் வினா, வாஷரின் பள்ளம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது. விடைக்குறிப்பு புத்தகத்தை வைத்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். புத்தகத்தில் உள்ளதை எழுதினால் மதிப்பெண் நிச்சயம். ஸ்கிரைபரைக் கீழே வைத்துவிட்டு விரலைச் சொடக்கிக்கொண்டாள். கருகிய வாஷர்கள் கண்முன் வந்தன. சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும் என்று கீறி, அடியில், சந்தேகம் இருந்தால் பட்டறைக்கு வந்து ஆணியில் பார்க்கவும் என்று ஒரு வரியும் சேர்த்தாள்.

பத்து நாள் கழித்துத் தேர்வு அதிகாரி முகம் இறுகி வந்தார். இந்தப் பணிமனையின் எட்டுப் பேரும் பத்தொன்பதாம் வினாவுக்கு ஒரே தப்பான விடையை எழுதியிருக்கிறார்கள். காப்பி அடித்ததாகச் சந்தேகம். எட்டுப் பேரின் தேர்வையும் ரத்து செய்ய நேரலாம் என்றார். ஏழு பேரும் உதிரியின் முகத்தைப் பார்த்தார்கள்.  தான் ஒருத்தி விழுந்தால் போகட்டும், இந்தப் பிள்ளைகளையும் சேர்த்து இழுத்துவிட்டோமே என்று பேச வாயெடுத்தாள். அதற்குள் மேலாளர் தன் அறையிலிருந்து வந்தார். ஒரு கையில் கதவுக்கு முட்டுக்கொடுத்த புத்தகம். இன்னொரு கையில் ஆணியோடு பிடுங்கிய வாஷர்க் கோவை.

"சார், காப்பி அடிச்சாங்கன்னா அது உண்மைதான். வாஷரைப் பாத்து அடிச்சாங்க," என்றார். "நானும் அதைப் பாத்துதான் அடிச்சேன். ரத்து பண்றதுன்னா என்னையும் சேத்துக்குங்க."

தேர்வு அதிகாரி வாஷர்களை ஒவ்வொன்றாக எடுத்து, தகட்டில் எழுதிப் பழகிய அந்தக் கட்டைவிரலால் கருகிய பக்கத்தைத் தடவிப் பார்த்தார். தகட்டின்படி ஓடிய ஒரு வண்டியின் கியர்பாக்ஸை அவர் எதிரிலேயே திறந்து காட்டினார்கள். உள்ளே வாஷர் புதுசு போல மின்னியது. அவர் சிவப்புப் பேனாவை எடுத்து விடைக்குறிப்பைத் திருத்தினார். அந்தத் திருத்தத்தால் எட்டுப் பேரைத் தவிர மற்ற முப்பத்திரண்டு பேருக்கும் ஒரு மதிப்பெண் குறைந்தது. புத்தகத்தின் அடுத்த பதிப்பில் அந்த வரியும் மாறியது. உதிரி தொண்ணூற்றொன்று வாங்கி இரண்டாவதாக வந்தாள். முதலாவது வந்தவன் அவள் டிபன் டப்பாவில் அதிகமாகக் கை வைத்த பையன்.

சான்றிதழைத் தேர்வு அதிகாரி தன் கையாலேயே அலுமினியத் தாளில் கீறிக் கொண்டுவந்தார். பட்டறையில் எல்லோரும் கூடி நின்றார்கள். கொத்தனார் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுச் சுண்ணாம்புக் கையோடு வந்திருந்தார். மகள், நான் படிக்கட்டுமா என்று வழக்கம் போலக் கேட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். உதிரி தகட்டை இரண்டு கையாலும் பிடித்து, நிமிர்ந்து நின்று, தன் பேர், தொழில், மதிப்பெண், நாள், கையொப்பம், அவர் அதையும் விடாமல் அடியில் கீறியிருந்த அச்சகக் குறிப்பு வரை ஒன்று விடாமல் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும் இன்னொரு தடவை படித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. சின்ன மேடம் மட்டும் ஏதோ தூசி விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டாம் நம்பர் வண்டி காத்துக்கொண்டிருக்கிறது என்று ஞாபகப்படுத்தினார்.

உதிரிபாகப் பிரிவின் அலமாரிக்கு மேல் இருந்த பலகையில் யாரோ 'உதிரி' என்று மட்டும் கீறி விளையாடியதால், அந்தப் பிரிவே அவள் பேரில் இருப்பதாகப் புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை. அடுத்த வருஷம் பழகுநர் வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் நிழல் பத்து நிமிஷம் தாமதமாக வந்து சேரும் ஒரு பெண் இருந்தாள்; அவளை மின்சாரப் பிரிவில் போட்டார்கள், கெட்டிக்காரி. பேசியது மறுநாள்தான் கேட்கும் ஒருவரை ஸ்டோரில் வைத்தார்கள். அங்கே கேட்டதற்கு அன்றன்றே பதில் வந்த வழக்கம் எப்போதும் இருந்ததில்லை என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தேர்வு விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி புதிதாகச் சேர்க்கப்பட்டது: வினாத்தாள் எதில் வேண்டும் – காகிதத் தாள், அலுமினியத் தாள், மற்றவை. அந்த வருஷம் அலுமினியத் தாள் கேட்டவர்கள் பதினேழு பேர். அவர்களில் பதினாறு பேருக்குக் காகிதத்தில் எந்தச் சிரமமும் கிடையாது. தகட்டில் எழுதியவர்கள் தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறார்கள் என்று வெளியே ஒரு பேச்சு. தேர்வு அதிகாரி குடையை மாட்டிவிட்டு உட்கார்ந்து, பதினேழு பேருக்கும் கீறிக் கொடுத்தார்.